சேணத்துக்கு அடியில்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்கு நாற்பத்து மூன்று வயதில் குதிரை ஏறும் ஆசை வந்தது. "அறுபது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பஸ்ஸையே ஓட்டுறேன், குதிரை எம்மாத்திரம்?" என்று நாத்தனாரிடம் வாய்ச்சவடால் வேறு. ஞாயிறுதோறும் லாயத்துக்குப் போனாள். கற்றுக்கொடுத்த டீச்சர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள், அதட்டத் தெரியாதவள்.

இரண்டாம் மாதம் புருஷனும் நாத்தனாரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அன்றைக்குப் பார்த்து, "சேணத்தை நானே கட்டிக்கிறேன்" என்று கெத்தாகச் சொல்லி, அவசர அவசரமாகக் கட்டி ஏறி உட்கார்ந்தாள். நாலு எட்டு வைத்த குதிரை தலையைத் தாழ்த்தி, முதுகை வில்லாய் வளைத்து, பின்னங்கால்களை உதறியது.

"தலையைத் தாழ்த்த விடாதீங்கக்கா! குதிகாலால அழுத்தி முன்னால நடத்துங்க!" என்று டீச்சர் கத்தினாள். காதில் விழுந்தால்தானே! அடுத்த உதறலில் மண்ணைக் கவ்வினாள்.

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். அது சுருக்கென்று தைத்தது. எழுந்தவள், கையிலிருந்த சவுக்கால் குதிரையின் முகத்திலேயே இரண்டு விளாசு விளாசினாள்.

டீச்சர் சவுக்கைப் பிடுங்கிக்கொண்டு சேணத்தை இறக்கினாள். அடித்துணிக்குக் கீழே ஒரு வார் சிக்கி, அதன் இரும்பு பக்கிள் முதுகில் பதிந்திருந்தது. தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"வலிச்சிருக்குக்கா. அது வேற எப்படிச் சொல்லும்?"



வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் ஊரெல்லாம் போன் போட்டாள்: "பொல்லாத குதிரை, அண்ணியைக் கொல்லப் பாத்துச்சு!" இவள் அதை மறுக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஒரு வாண்டு அவளுடைய வீங்கிய உதட்டைப் பார்த்து, "குதிரை கெட்டதா ஆன்ட்டி?" என்று கேட்டது. "ஆமா" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது.

மூன்றாம் நாள் நாத்தனாரிடம் போட்டு உடைத்தாள். "கெட்டது குதிரை இல்ல. பக்கிளைக் கவனிக்காதது நான். நீ சிரிச்சதுக்கு அதை அடிச்சேன்."

நாத்தனார் தலை குனிந்தாள். "நான் சிரிச்சிருக்கக் கூடாது அண்ணி."

"நீ சிரிச்சா உன்னைத்தானே திட்டியிருக்கணும்?"

மூன்று ஞாயிறு ஏறாமல் புண்ணுக்கு மருந்து மட்டும் போட்டாள். நான்காம் ஞாயிறு, சேணத்தின் துணிக்கு அடியில் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு ஏறினாள். குதிரை மிரண்டு ஒரு முறை உதறியது. தலையைத் தாழவிடாமல் பிடித்து, குதிகாலால் அழுத்தினாள். அது நடந்தது.

"பிரமாதம்க்கா!" என்றாள் டீச்சர்.

இறங்கித் தட்டிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள். குதிரை விலுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கையை இறக்கி, டீச்சரைப் பார்க்காமல், சேணத்தை அவிழ்க்கத் தொடங்கினாள்.