கட்டுரை எண்ணாத மணிநேரங்கள்

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருத்துவிச்சியாக இருந்த இரண்டாம் வருடம், மாவட்ட வைத்தியர் ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைக் கொடுத்து, அதிலிருந்த கட்டுரையின் வாதம் நிற்குமா என்று எழுதித் தரச் சொன்னார். தோட்டங்களை நிர்வகிக்கும் துரைமார் கூட்டத்தில் அதை வைக்கப் போகிறார்களாம்.

வாதம் இதுதான்: தோட்டத்துத் தாய்மார் அறியாமையால் நோயுற்ற பிள்ளைகளைப் பிந்திக் கொண்டுவருகிறார்கள், பிந்தியவளுக்கு ஒரு நாள் வேலை மறுத்தால் திருந்துவார்கள். ஆதாரம், டிஸ்பென்சரிப் பதிவேட்டில் உள்ள நேரம்.

ஒன்பது மறுப்புகளை இலக்கமிட்டு எழுதினேன். மறுநாள் வாசித்தபோது ஆறு வெறும் கோபம், வெட்டினேன். இரண்டுக்கு என்னிடம் சான்று இல்லை, அவற்றையும் வெட்டினேன். மிஞ்சியது ஒன்று. மலையில் கொழுந்து பறிப்பவள் இடையில் இறங்க, வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் கணக்கப்பிள்ளையைத் தேடிப் பிடித்துத் துண்டு எழுதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லாமல் டிஸ்பென்சரியில் பதியமாட்டார்கள். காத்திருப்பு முடிந்த பிறகே பதிவேட்டின் நேரம் தொடங்குகிறது. கட்டுரையாளர் டிஸ்பென்சரிக் கதவிலிருந்துதான் எண்ணியிருந்தார்.

சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நிமோனியாவிலிருந்து பிள்ளை பிழைத்த ஒருத்தி, இரண்டாம் நாள் துண்டுக்காக மத்தியானம் வரை நின்றதைச் சொன்னாள். பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டாள்.

"ஆனா மொத நாளு பூரா நான்தாங்க துன்னூறு பூசி வீட்டுலயே வச்சிருந்தேன். அதையும் எழுதிக்கங்க."

வேலை மறுப்பதைப் பேர் வெட்டுவது என்பார்கள். அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் அரிசி புடைத்தபடி அந்தத் தாயைக் கேட்டாள்: "பேரு வெட்ட வர்றவனுக்கு நீயே தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்திய எடுத்துக் குடுக்குறியாடி?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த வரியை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினேன்: முதல் நாள் தாமதம் உண்மை, அதற்குக் கற்பிக்க வேண்டும், இரண்டாம் நாள் தாமதம் தாயுடையது அல்ல, அதற்கு அவளைத் தண்டிக்க முடியாது.

வைத்தியர் முதல் பாதியை எடுத்துவிடச் சொன்னார். எதிராளிக்கு நாமே இடம் கொடுப்பானேன் என்பது அவர் எண்ணம்.

"அத எடுத்துட்டா, கட்டுர எழுதுனவரு செஞ்சதத்தான் நானும் செய்றேங்க டொக்டர். பாதிய மட்டும் எண்ணுறது."

அவர் தாள்களை அப்படியே கொண்டுபோனார்.

தண்டனை வரவில்லை. கைக்குழந்தைக்காரிக்குக் கங்காணியே துண்டு கொடுக்கலாம் என்று எங்கள் தோட்டத்தில் ஆனது. தாய்மாருக்கு வகுப்பும் வந்தது. நடத்தும் வேலையை என்னிடம் விட்டார்கள். எழுதியவள் நான்தானே, ஏற்றுக்கொண்டேன்.