ஓட்டுநர் அக்காவின் ஈரத்துண்டு

துண்டை வாளியில் முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்ட பிறகுதான் அக்கா பஸ் சாவியைத் தொடுவார். சட்டைக் காலர் சொட்டச் சொட்ட நனையும். கவலையே பட மாட்டார். "இன்ஜின் என் முட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அனல் ஊதுது. நான் மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கணுமா?" என்பார்.

அந்தப் பஸ்ஸில் நான் கண்டக்டர். மதிய டிரிப்பில் மற்ற ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டுவார்கள். அக்காவோ காலையில் திருப்பிய அதே தெம்போடு திருப்புவார். துண்டு காய்ந்தால் மட்டும் முகம் சுண்டிவிடும். அடுத்த நிறுத்தத்தில் துண்டு என் பக்கம் நீளும். நனைத்துக் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு.

நாற்பத்தைந்து வயதில் பந்தயமும் ஓடுகிறார். எங்கள் டிப்போ மைதானத்தில் வருடாவருடம் பெண்களுக்கு நீண்ட ஓட்டம் உண்டு. காலையிலேயே தொடங்க வேண்டியதுதான். ஆனால் பெரிய அதிகாரி வந்து கொடி அசைக்க வேண்டுமே! அதற்குள் வெயில் மண்டையைப் பிளக்கும்.

போன வருடம் அக்கா ஒரு கூத்து செய்தார். கழுத்துக்கே இவ்வளவு சுகமென்றால் காலுக்கு எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவரை ஒரு பெட்டி ஐஸ் கொண்டுவரச் சொன்னார். கொடி அசையும்வரை இரண்டு கால்களையும் அதற்குள் புதைத்துக்கொண்டு மகாராணி போல உட்கார்ந்திருந்தார். ஓட எழுந்தால் கால் இரண்டும் மரக்கட்டை. அவை இளகுவதற்குள் எல்லோரும் முந்திவிட்டார்கள். விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று வெயிலில் வெறிபிடித்து ஓடியவர், கடைசி வளைவில் சுருண்டு விழுந்தார். பத்தாவது படிக்கும் மகள் "அம்மா" என்று அலறிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினாள்.

"சூடு ஏறுறது உடம்புல. கால் பாவம், சும்மா பழியை ஏத்துக்குது" என்று அக்கா இப்போது எல்லோருக்கும் சொல்கிறார், முதல் நாளிலிருந்தே தெரிந்தவர் போல.

இந்த வருடம் அவரை ஓடவிடவே மகளுக்கு மனமில்லை. கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தாள்.

"நீ விழுந்த அந்த வளைவுல நான் வாளியோட நிப்பேன். நில்லுன்னா நிக்கணும்."

"நிக்கிறேன்டி."

"அப்பா மேல சத்தியமா?"

"அந்த மனுஷனை ஏன்டி இழுக்கிற? என் மேலயே சத்தியம்."

அதிகாரி வழக்கம்போலத் தாமதம். மற்றவர்கள் வெயிலில் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கினார்கள். அக்கா மட்டும் பஸ் நிழலில், கழுத்தில் ஈரத்துண்டோடு, கால்கள் இறுகாதபடி மெதுவாக நடை பழகிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, ஓட வந்தீங்களா, காத்து வாங்க வந்தீங்களா?" என்று ஒருத்தி சீண்டினாள்.

"நீ இப்பவே அடுப்பைப் பத்த வை. நான் ஓடும்போது பத்த வச்சுக்கிறேன்."

சொன்னபடியே ஓடினார். சூடு தாங்காமல் ஒவ்வொருவராக நடக்கத் தொடங்க, அக்கா கடைசிச் சுற்றில் இரண்டாவதாக வந்தார். முதலில் ஓடிய டிக்கெட் பரிசோதகர் அம்மாள் கைக்கெட்டும் தூரத்தில்தான். அந்த வளைவு வந்தது. அக்காவின் ஓட்டம் ஒரு கணம் தடுமாறியது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நில்லு!"

"நிக்காதீங்கக்கா! இன்னும் கொஞ்சம்தான்!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

அக்கா நின்றார். பின்னால் வந்த இருவர் அவரைத் தாண்டிப் போனார்கள். மகளுக்கு முன்னால் கழுத்தைத் தாழ்த்தி, அவள் ஊற்றிய வாளித் தண்ணீர் முழுவதும் தீரும்வரை அசையாமல் இருந்தார். ஒரு கால் மட்டும் முன்னே எட்டி வைத்தபடி, குதிகால் தரையில் படாமல் துடித்துக்கொண்டிருந்தது.