அய்யா அரிவாளைக் கீழே வைத்த வயல்

அய்யா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. இன்னும் விடியும் பொழுதில் விளைந்த நெல்லின் மணம் காற்றில் வந்தால், அவர் வரப்பில் நின்றுகொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாரான நான் இப்படிக் கனவு காணலாமா என்று உறவினர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

அய்யா பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம், வானம் பார்த்த பூமியில். நான் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்தது. இரண்டு வயதான என் அண்ணன் கூழுக்கும் வழியில்லாமல் மெலிந்துகொண்டிருந்தான். சீக்கிரம் நெல்லோடு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஊர்க்காரர் சிலருடன் அறுவடைக்காகக் குச்சனூர்ப் பக்கம் நடந்தார் அய்யா. மலையடிவாரம் முழுவதும் நெல் பழுத்துக் கிடந்ததைப் பார்த்து, தூக்கத்தில் நடந்து வந்துவிட்டோமோ என்று நின்றுவிட்டாராம். ஒரே ஆகாயத்தின் கீழ், அங்கே பஞ்சம், இங்கே இரண்டு போகம்.

அந்தப் பக்கத்தில் கூலி நெல்லோடு ஆளுக்கொரு கதிர்க்கட்டும் கொடுப்பது வழக்கம். மேட்டுக்காட்டுக்காரரான அய்யாவுக்கு அது தெரியாது. கட்டு கிடையாது என்று நிலக்காரர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டார். கட்டு கேட்ட உள்ளூர் ஆட்களுக்கு வேலை போயிற்று. மறுநாள் காலை உள்ளூர்ப் பெண்கள் தலையில் கட்டு சுமக்கும் சும்மாட்டோடு வரப்போரம் வந்து பேசாமல் நின்றார்கள். ஏச்சில்லை, சண்டையில்லை. பனிமூட்டத்தில் அவர்களைப் பார்த்த அய்யா ஏதோ சாமி காரியம் என்று நினைத்து, அருகில் போய்க் கேட்டிருக்கிறார்.

"வெறுஞ் சும்மாட்டோட வீட்டுக்குப் போறோம்ணே. புள்ளைக எங்க தலையத்தான் பாக்குதுக" என்றார் ஒரு பெண்.

அய்யா அரிவாளை வரப்பில் வைத்துவிட்டார். கூட வந்தவர்களில் பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனார்கள். கதிர் உதிரத் தொடங்கிய நான்காம் நாள் நிலக்காரர் இறங்கி வந்து, உள்ளூராருக்கும் வந்தவர்களுக்கும் கட்டு உண்டு என்று ஒப்புக்கொண்டார். அதன் பிறகுதான் அறுப்பு நடந்தது.

அய்யா நெல்லோடு ஊர் சேர்ந்தபோது அண்ணனைப் புதைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பிறகு அந்தப் பெண்களின் வீட்டார்தான் எங்களை அழைத்துத் தங்கள் ஊரிலேயே குடிவைத்தார்கள். நான் படித்தது அவர்கள் போட்ட சோற்றில். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அண்ணன் வரும் இடத்தில் அய்யா நிறுத்திவிடுவார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். கடைசிக் காய்ச்சலில் மட்டும் ஒருமுறை, "நான் அன்னிக்குச் செஞ்சது தப்பா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இரவு பகலாகத் துணையிருந்தவர்களுக்கும், சாதி பாராமல் பாடைக்குத் தோள் கொடுத்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் தலைவணங்குகிறது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

"தப்பில்லைன்னு சொல்லியிருக்கணும். அவுக கேட்டாக. எம் புள்ள நெனப்புல எனக்கு வாய் வரல."