சூனியக்காரியின் மடியில் இளவரசி

எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்கார அம்மாள் ஆண்டுதோறும் தேவாலயக் கூடத்தில் குழந்தைகளுக்காக நாடகம் போடுவார். அந்த வருடம் விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலத் தேவதைக் கதை ஒன்று அவர் கையில் சிக்கியது. இளவரசியின் தூக்கத்தைத் திருடிக் குப்பியில் அடைக்கிறாள் ஒரு சூனியக்காரி. பொன்முடித் தேவதை அதை மீட்டுத் தருகிறாள். நடுவே பக்கத்துக்குப் பக்கம் கீழ்ப்படிதலைப் பற்றி உபதேசம்.

"உங்களுக்கென்றே ஒரு வேடம் இருக்கிறது. ஒப்பனைகூடத் தேவையில்லை!" என்றார், பெரிய மரியாதை செய்கிறவர்போல. தேவதை வேடம் ரொட்டிக் கடைக்காரரின் மனைவிக்குப் போயிருந்தது. என் கறுத்த கூந்தலுக்கு வேறென்ன கிடைக்கும்?

"உங்கள் மொழியில் ஏதாவது மந்திரம் சொல்லுங்கள். பயங்கரமாக இருக்க வேண்டும்."

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவளுக்கு மந்திரம் தெரியாமலா இருக்கும்!

இளவரசி, அம்மாளின் ஆறு வயது மகள். தினமும் பள்ளி விட்டதும் என் அறைக்கு வந்து கட்டிலில் குதிப்பவள். அவள் என்னைக் கண்டு அலற வேண்டுமாம்.

நாடகத்தன்று காலையிலிருந்தே பிள்ளைகளை ஒத்திகையில் வாட்டியிருந்தார்கள். மேடையில் உட்கார்ந்தபடி கையை உயர்த்தி, அடித்தொண்டையில் தொடங்கினேன்: "தாம்பரம்… குரோம்பேட்டை… பல்லாவரம்… மீனம்பாக்கம்…" கூடம் நடுங்கியது. கூட்டத்திலிருந்த ஒரே தமிழர், எங்கள் ஆய்வகத்து நண்பர், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

இளவரசி அலறவில்லை. நேராக வந்து என் மடியில் ஏறிப் படுத்தாள். கிண்டி வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

"எழுப்புங்கள்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து அம்மாள் சீறினார்.

எனக்கு மனம் வரவில்லை. ஊரை விட்டு வந்த இரண்டு வருடத்தில் யாரும் என்மேல் சாய்ந்து தூங்கியதில்லை. அந்தக் கனம் இதமாக இருந்தது.

தேவதை குப்பியோடு வந்தார். மனப்பாடம் செய்ததை மாற்ற அவருக்குத் தெரியவில்லை. "தூக்கமின்றித் தவிக்கும் என் செல்லமே, இதோ உன் தூக்கம்!" என்றார். இளவரசி மெல்லக் குறட்டை விட்டாள். சிரிப்பில் கூரை அதிர்ந்தது.

"மேடம், டிரெய்ன் பரங்கிமலைல நிக்கவே இல்லையே?" என்றார் நண்பர், வெளியே வந்ததும்.

"அது எக்ஸ்பிரஸ் மந்திரம் சார்."

அம்மாள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் எனக்குத் திரை இழுக்கும் பொறுப்பு. சிறுமி ஒத்திகை முழுவதும் என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.