கருவாட்டு முதலாளி நடத்திய பயிற்சி வகுப்பு

1. பிளக்கைப் பிடுங்கிய பிள்ளை

யோகேஸ்வரி எங்கள் தொலைபேசி நிலையத்துக்கு வேலைக்கு வந்த இரண்டாம் கிழமை, காசிம் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். முதலாளியின் விளக்கு போர்டில் மறுபடி எரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வேலை, மேற்பார்வையாளர் என்ற முறையில் எனக்கு வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையில் இருந்து வெளியூருக்குப் பேசுவதென்றால் ட்றங் கோல்தான். நீங்கள் ரிசீவரைத் தூக்க எங்கள் போர்டில் விளக்கு எரியும். நாங்கள் பிளக்கைச் செருகி, என்ன வேண்டும் என்று கேட்டு, வழியிலுள்ள ஊர்களின் நிலையங்கள் ஊடாக அந்த ஊருக்கு லைன் பிடித்துத் தருவோம். லைன் கிடைக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும்.

காசிம் முதலாளி கிண்ணியாக்காரர். கடைத்தெருவில் கருவாடு மொத்த வியாபாரம். தொலைபேசியைப் பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது: தூரம் கூடக் கூடக் குரலும் கூட வேண்டும். மூதூருக்குச் சாதாரணமாகப் பேசுவார். கண்டிக்கென்றால் கதிரையை விட்டு எழும்புவார். கொழும்பு என்றால் எங்கள் ஊர்த் தெருக்களில் திரிந்து கடைவாசலில் படுத்திருக்கும் மான்கள் எழும்பி அடுத்த கடைக்குப் போய்விடும். லைன் தாமதமானால் அதே குரலில் எங்களுக்கும் ஏச்சு விழும்.

யோகேஸ்வரியை நாங்கள் யோகம் என்போம். சல்லிக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தகப்பன் கடலுக்குப் போக முடியாமல் படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில்தான். பயிற்சி முடிவில் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதனை வைப்பார். கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிப்பதும் அதில் ஒரு பகுதி. அதில் தவறினால் வேலை போய்விடும். ஏசினால் அழுகிற பிள்ளைக்கு இதைவிட மோசமான சோதனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

2. முகத்தைப் பார்த்தால் வராத கோபம்

எங்கள் பொறுப்பதிகாரி அப்போதுதான் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்திருந்தார். புதுச் சப்பாத்து காலைக் கடிப்பதுபோல, கொண்டுவந்த புது முறைகள் அவரைக் கடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று, ஒருத்தி வாடிக்கையாளராக நடித்து ஏச, மற்றவள் பதில் சொல்வது. எங்கள் பிள்ளைகளுக்கோ நடிப்பு வராது. "எனக்குச் சரியான கோவம் வருது, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

அசல் ஆள் கடைத்தெருவில் இருக்கும்போது நாங்கள் ஏன் நாடகம் போட வேண்டும் என்று பொறுப்பதிகாரியிடம் கேட்டேன். பகிடி என்று நினைத்தார். பிறகு யோசித்துச் சம்மதித்தார். அழைக்கப் போனவள் நான். "ஊரிலேயே அதிகம் கத்துகிறவர் நீங்கள்" என்றா அழைக்க முடியும்? அனுபவமுள்ள வாடிக்கையாளர் ஒருவரின் உதவி தேவை என்றேன். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் வெள்ளைச் சாரமும் தொப்பியும் அத்தர் வாசமுமாக, ஒரு பொதி தொதல் இனிப்புடன் வந்து யோகத்துக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்தார். ஏசுங்கள் என்றோம். மனிதருக்கு வாய் வரவில்லை.

"இந்தப் புள்ளட மொகத்தப் பாத்துக்கிட்டு என்னண்டு ஏசுற? எண்ட மகள்ட வயசு."

தேநீர் கொடுத்தோம். பொறுப்பதிகாரி, கோபம் வரட்டும் என்று, அவருடைய கருவாட்டில் உப்புக் காணாது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டு, நல்ல கருவாடாகக் கொடுத்தனுப்புகிறேன் என்றார். கடைசியில் அவரைப் பொறுப்பதிகாரியின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, ரிசீவரைக் கையில் கொடுத்துக் கொழும்பைக் கேட்கச் சொன்னேன்.

அதன்பிறகு அவருக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஹெட்செட் வழியாகவும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது. யோகத்துக்குக் கண் நிறைந்தது. கை பிளக்குக்குப் போனது. ஆனால் பிடுங்கவில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"முதலாளி, நீங்கள் ஏன் இப்பிடிக் கத்துறீங்கள்?"

அறைக்குள் சத்தம் நின்றது. பிறகு பதில் வந்தது. "நான் லைன் கேட்டா, பொறுங்க எண்டு சொல்லிட்டுப் போயிருவீங்க. அதுக்குப் பொறகு ஒரு சத்தமும் இல்ல. இரிக்கீங்களா, மறந்துட்டீங்களா எண்டு எனக்கு என்னண்டு தெரியும், புள்ள? கத்தினாத்தானே ஆராவது வாறீங்க."

நாங்கள் எல்லோரும் அது அவருடைய பிறவிக்குணம் என்றுதான் முடிவு கட்டியிருந்தோம். ஏச்சைத் தாங்குவது எப்படி என்று வகுப்பு நடத்தினோமே தவிர, காத்திருக்கிறவரின் காதில் என்ன கேட்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து யோகம் இடைக்கிடை லைனுக்குள் போய், கோல் எந்த ஊரில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். பொறுப்பதிகாரி அதற்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் வைத்து எல்லோருக்கும் பாடமாக்கினார். முதலாளியும் தானாகவே இன்னும் சில தடவை வந்து ஏசிக் கொடுத்தார்.

3. சோதனை

கொழும்பு அதிகாரி சிரிக்காத மனிதர். ஏசும் பகுதிக்குப் பொறுப்பதிகாரி காசிம் முதலாளியையே ஒழுங்கு செய்திருந்தார். அதுதான் பிழையாய்ப் போனது. பிள்ளையின் வேலை இதில்தான் தங்கியிருக்கிறது என்று யாரோ முதலாளியின் காதில் போட்டிருக்கிறார்கள். மனிதர் உருகிவிட்டார்.

"மகள், அவசரமில்ல, ஆறுதலா எடுங்க. நீங்க நல்லாச் செய்றீங்க."

மற்ற ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி எங்களைத் திரும்பிப் பார்த்தார். இவர்தான் உங்கள் ஊர்க் கோபக்காரரா என்று கேட்டார். இதை வைத்துப் பிள்ளையைச் சித்தியடையச் செய்ய ஏலாது என்றார். அவர் தானே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொழும்பில் தன் வீட்டு எண்ணைக் கேட்டார்.

ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏசிப் பழகிய வாய். முதலாளி அவருக்குப் பக்கத்தில் நிற்க ஏலாது. அன்றைக்கென்று லைனும் சரியில்லை. யோகம் லைனுக்குள் போனாள்.

"ஐயா, அநுராதபுரம் எடுத்திட்டுது. கொழும்பு எங்கேஜா இருக்கு. நான் விட்டிட்டுப் போகேல்லை, லைனிலதான் நிக்கிறன்."

மறுபடி ஏச்சு. அவளும் மறுபடி சொன்னாள். மூன்றாந்தரம் அவர் குரல் இறங்கியிருந்தது. அடுத்த தரம் அவராகவே, அங்காலை மழையோ என்று கேட்டார். ஓம், அநுராதபுரத்தில் நல்ல மழையாம் என்றாள். கடைசியில் கொழும்பு கிடைத்தது. மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, மகனுக்குக் காய்ச்சல் விட்டதா என்பது. அதற்குமேல் கேட்பது சரியில்லை என்று நான் என் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன்.

பேசி முடித்ததும் "பெரிய உபகாரம், பிள்ளை" என்று சொல்லி அவர் ரிசீவரை வைத்தது கதவுக்கு வெளியே கேட்டது. வெளியே வந்து, யோகத்தின் சோதனைத் தாளை எடுத்தார்.

"நான் ஏசவெண்டு போனனான்," என்றார். "இடையில மறந்துபோனன்."

கையெழுத்துப் போட்டார். யோகம் ஓய்வுபெறும்வரை அந்த வேலையில் இருந்தாள். பொதுமக்கள் சேவைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: காத்திருக்கிற மனிதருக்கு, அவருடைய காரியம் எங்கே நிற்கிறது என்று அவர் கேட்கமுன் சொல்லிவிடுங்கள். அவர் கத்துவது உங்கள்மேல் உள்ள கோபத்தில் அல்ல. அந்தப் பக்கத்தில் காய்ச்சலோடு ஒரு பிள்ளை படுத்திருக்கலாம்.