முதல் ஏறுமீன்

குளத்துக் காவலுக்கு நான் சேர்ந்த அன்றைக்கே மீன் குத்தகைக்காரர் வேனிலிருந்து டிரம்களை இறக்கினார். சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றுக்கால் வந்து விழுகிற குளம். தொண்ணூறுகளின் நடுவில் என்று ஞாபகம். டிரம்முக்குள் மீசை வைத்த கறுப்புக் குஞ்சுகள் நெளிந்தன.

"என்ன மீன் அண்ணாச்சி?"

"தேளிதாம்வே. வெளிநாட்டுத் தேளி. எதப் போட்டாலும் திங்கும். சாவவே சாவாது."

அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

மீனுக்குத் தீனி கொண்டு வருவதும் என் வேலையானது. பேட்டைக் கோழிக்கடைகளில் குடலைச் சாக்கில் கட்டி சைக்கிள் கேரியரில் வைத்து மிதிப்பேன். அந்தச் சைக்கிளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அதன் வாடைக்கு டீக்கடைக்காரன் கிளாசைத் தூரத்தில் வைத்து நீட்டுவான். என் மனைவி இசக்கி, ஆற்றில் முங்காமல் என்னை வீட்டுக்குள் விட்டதில்லை.

இசக்கி மீன் விற்கிறவள். அந்தக் குளத்து விராலும் அயிரையும்தான் அவள் கூடை. அடுத்த வருஷமே அயிரையைக் காணோம். பிறகு கெண்டை. நீர்க்காகங்கள் வந்து மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன.

கோடையில் குளம் வற்றியது. குத்தகைக்காரர் வலைபோட்டு லாரியில் ஏற்றினார். "எல்லாம் அள்ளியாச்சுவே" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. வெடித்த தரையில் இசக்கி நடந்து பார்த்தாள். "போட்டும், ஆத்துத் தண்ணி வந்தா நம்ம மீனு தன்னால வரும்" என்றாள்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. ஐப்பசியில் கால்வாயில் புதுத் தண்ணீர் வரும்போது, குளத்து மீன் சினையோடு அதை எதிர்த்து ஏறும். முதல் நாள் ஏறுமீனை ஒருவரும் தொடக் கூடாது. ஊர்ப் பெரியவர் சூடம் கொளுத்துவார். காவல்காரன் கம்போடு நிற்பான். அந்தக் கட்டினால்தான் குளத்தில் மீன் அற்றுப்போகாமல் இருந்தது.

அந்த வருஷமும் நின்றேன். தண்ணீர் வந்தது. வெடிப்புக்குள்ளிருந்து கறுப்புத் தலைகள் கிளம்பின. வெயில் முழுக்கச் சேற்றுக்குள் படுத்துக் கிடந்திருக்கின்றன. வேறு ஒரு மீன் இல்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் புல்மேல் ஊர்ந்துகூட ஏறின. கால்வாயில் எதிரேறிப் போனால் ஆறு.

இசக்கி மண்வெட்டியோடு ஓடி வந்தாள். "அடிங்க! ஆத்துக்குப் போச்சுன்னா அங்கனயும் ஒண்ணு மிஞ்சாது!"

"முதல் ஏறுமீனுட்டீ, தொடாத" என்றார் பெரியவர்.

"இது நம்ம மீனு இல்ல மாமா."

"மீனுலயும் சாதி பாக்கியோ?"

கூட்டம் சிரித்தது. மற்ற நாளெல்லாம் அதைத் தவிர வேறெதுவும் பார்க்காத கூட்டம்.

இசக்கி ஒன்றை ஓங்கி வெட்டினாள். வயிறு கிழிந்து பச்சைப் பச்சையாக முட்டை கொட்டியது.

"பாத்தியளாலே, சினை! பாவி!"

"அதத்தானே நானும் சொல்லுதேன்! அம்புட்டும் குஞ்சாகும் மாமா!"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, உம் பொண்டாட்டிய நிறுத்து."

நான் கம்பைக் கால்வாயில் எறிந்தேன். இன்னொருவன் இறங்கி எடுத்துக்கொண்டு, என் இடத்தில் நின்று இசக்கியை மறித்தான். காவலுக்கா ஆள் பஞ்சம்? மீன்கள் ஏறி முடிக்கும்வரை ஊரே கைகூப்பி நின்றது. இசக்கி மடையில் தேங்காய் உடைத்துத் தப்புக் கும்பிட வேண்டியதாயிற்று. என் வேலை போயிற்று.

அதன்பிறகு ஆற்றுப் படித்துறையில் தூண்டில் போட்டவர்களுக்கெல்லாம் மீசைக்காரன்தான் கிடைத்தான். இசக்கி வேறு வழியில்லாமல் அதையே தோலுரித்து விற்றாள். ஒருநாள் பெரியவர் வந்து கூடைக்குள் குனிந்தார்.

"அயிரை இருக்கா இசக்கி? வாய் கேக்கு."

"இருக்கு மாமா. இதுக வயித்துக்குள்ள இருக்கு."

அவர் பைய நடந்து போய்விட்டார்.

காவல் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் கம்பைக் கையில் வாங்காதீர்கள்.