கிளியோபஸ் டேட்டமின் பகடைக் கை

கிளியோபஸ் டேட்டம் தன் வலது கையைச் சாதாரண உறுப்பாக என்றுமே நினைத்ததில்லை. டூனிகா வட்டாரத்து இறைச்சிக் கடைகளிலும் மீன் கிடங்குகளிலும் ஆயுள் முழுக்கக் குளிர்ப்பெட்டி பழுதுபார்த்த கை அது. அந்தப் பெருமையை அவர் பேசவே மாட்டார். கடவுள் அந்தக் கையைப் படைத்தது பகடை உருட்டத்தான், குளிர்ப்பெட்டிகள் எல்லாம் நடுவில் வந்த இடைஞ்சல் என்பது அவர் கட்சி. மிசிசிப்பி ஆற்றங்கரையில் சூதாட்ட விடுதிகள் முளைத்து, பருத்தி வயல்களுக்கு நடுவே விளக்குத் தோரணம் எரியத் தொடங்கியபோது, ஊரில் சிலர் வேலை கிடைக்கும் என்றார்கள். அது பாவம் என்றார் பாஸ்டர். கிளியோபஸ், தன் கையைத் தேடி ஒருவழியாக ஆள் வந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம், ஷெட்டிலிருந்து காரை வெளியேற்றியது. அன்றிலிருந்து கார் மழையில் நின்றது. ஷெட்டுக்குள் நீளமான மரத்தொட்டி ஒன்று வந்தது. அடியில் பச்சைக் கம்பளித் துணி, கடைசிச் சுவரில் கூம்பு கூம்பாகப் புடைத்த ரப்பர், அசல் சூதாட்ட மேசையில் இருப்பது போலவே. தினமும் காலையில் இரண்டு பகடைக் காய்களையும் குறிப்பிட்ட முகம் மேலே தெரியும்படி ஒட்டிப் பிடித்து, முழங்கையை விலாவோடு சேர்த்து, மூச்சை அடக்கி எறிவார். அப்படி எறிந்தால் ஏழு விழாதாம். மெம்பிஸில் ஒருவர் நடத்திய வகுப்பில் பணம் கட்டிக் கற்ற வித்தை. ஏழு விழாமல் எறியத் தெரிந்த மனிதர் எதற்காக வகுப்பு எடுத்துப் பிழைக்கிறார் என்ற கேள்வி கிளியோபஸுக்கு எழவில்லை. வகுப்பில் இருந்த வேறு யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தத் தொட்டிக்கு முன்னால் நிறுத்திவிடுவார். கரையான் மருந்து அடிக்க வந்த ஆளும் தப்பவில்லை.

"பயப்படாதப்பா, லேசான ஆட்டம்தான். 'பாஸ்'னு எழுதின பட்டையில சில்லு வை, காசுக்குப் பதிலா வைக்கிற வில்லை அது. முதல் எறியில ஏழோ பதினொன்னோ விழுந்தா ஜெயிச்ச. ரெண்டு, மூணு, பன்னெண்டு விழுந்தா போச்சு. வேற எது விழுந்தாலும் அதுதான் உன் புள்ளி. இனிமே ஏழு வர்றதுக்கு முன்னால அதே நம்பர் மறுபடி வரணும். ஏழு முந்திக்கிச்சுன்னா சில்லும் போச்சு, காயும் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"அப்ப ஏழு நல்லதா, கெட்டதா?"

"முதல்ல நல்லது, அப்புறம் கெட்டது. மேசைகிட்ட அந்த வார்த்தைய வாயில எடுக்காத."

கரையான்காரர் பக்தியோடு தலையாட்டிவிட்டு, பின்கட்டுக்கு மருந்து அடிக்க மறந்தே போய்விட்டார்.

கிளியோபஸ் சொன்னதில் நல்ல விஷயமும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. புள்ளி விழுந்த பிறகு பட்டைக்குப் பின்னால் கூடுதலாகச் சில்லு வைத்தால், விடுதி தனக்கென்று எதுவும் பிடித்துக்கொள்ளாமல் கணக்குப்படி கொடுக்கும் ஒரே இடம் அதுதான் என்பார். மேசை நடுவில் ஒன்றுக்குப் பதினைந்து, ஒன்றுக்கு முப்பது என்று மினுக்கும் கட்டங்கள் எல்லாம் அவசரமாக ஏமாறத் துடிப்பவர்களுக்கு என்பார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மேசைக்குப் போய் இரண்டு பேர் கைதட்டினால் போதும், முதல் ஆளாக நடுக் கட்டத்தில் சில்லை வீசுவார்.

அவர் மனைவி வெர்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடுதிக்குக் கணவரோடு போவார், மதியச் சாப்பாட்டுக்காக மட்டும். ஒருநாள் சாப்பாட்டுக் கூடம் திறக்கும்வரை எங்கே நிற்பது என்று தெரியாமல், வெளியூர்க்காரர்களுக்கு இலவசமாக ஆட்டம் சொல்லிக்கொடுத்த மேசையோரம் நின்றார். சொல்லிக்கொடுத்தவள் ரோசெட்டா, வளைந்த கோலால் காய்களைத் தள்ளிக் கொடுப்பவள். அவள் சொன்னதில் ஒன்று வெர்லீனின் மனதில் ஒட்டிக்கொண்டது. இரண்டு காய்கள் விழக்கூடிய முப்பத்தாறு விதங்களில் ஆறு விதம் ஏழு. வேறு எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

அப்படியானால் ஏழு வரும் என்றே பந்தயம் கட்டினால் என்ன என்று கேட்டார் வெர்லீன். ரோசெட்டா ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்த பட்டையைக் காட்டினாள். 'டோன்ட் பாஸ்' என்று எழுதியிருந்தது.

"இதுல வைங்க, மிஸ் வெர்லீன். எறியற ஆள் தோத்தா உங்களுக்கு வரும். ஆனா மேசையில ஒருத்தரும் உங்ககூடப் பேச மாட்டாங்க."

"பிள்ளைங்களுக்குக் கீரை வேகவச்சுப் போட்டவடி நான். யாரும் பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான்."

அன்று முதல் வெர்லீன் மேசையின் மறுகோடியில், தினமும் வரும் ஒரு பெருத்த மாட்டுப் பண்ணைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டார். யார் எறிந்தாலும் சும்மா இருப்பார். காய் கிளியோபஸின் கைக்கு வந்ததும் டோன்ட் பாஸில் சில்லு வைப்பார். முழங்கை, மூச்சு, முகம் எல்லாம் சரியாக அமைந்து, கணவர் நியமப்படி ஏழு போடுவார். அந்த வருடம் வீட்டுக்குப் புதுத் துணி துவைக்கும் இயந்திரம் வந்தது. விடுதிக் குலுக்கலில் விழுந்தது என்றார் வெர்லீன். முழங்கையை மடக்கினால் ஏழு வராது என்று நம்பிய மனிதருக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை.

ஒரு மத்தியானம் பண்ணைக்காரர் கழிப்பறைக்குப் போனார். மேசைக் கோடியில் ஓர் இடைவெளி விழுந்தது. புள்ளி ஒன்பது. கிளியோபஸ் காய்களை ஒட்டிப் பிடித்து நிமிர்ந்தார். எதிரே மனைவி. மனைவிக்கு முன்னால் டோன்ட் பாஸ். அதன்மேல் சில்லு. மூச்சை அடக்கியிருந்தவர் விட மறந்தார். எறிந்ததில் ஒரு காய் மேசையைத் தாண்டி யாரோ ஒருவரின் கோப்பைக்குள் விழுந்தது. மறுபடி எறிந்தார், ஏழு. மேசை முழுக்க முனகியது. ரோசெட்டா ஒருவருக்கு மட்டும் பணம் கொடுக்கச் சொன்னாள்.

வண்டியில் ஏறியதும் கிளியோபஸ் அவர் பக்கம் திரும்பினார்.

"நாப்பது வருஷம் என்கூட வாழ்ந்துட்டு எனக்கு எதிராவா வச்ச?"

"நாப்பது வருஷம் வாழ்ந்ததாலதான் வச்சேன்."

அதன்பிறகு சில வாரங்கள் வீட்டில் உப்பு வேண்டுமென்றாலும் அவர் நாயைப் பார்த்துத்தான் கேட்டார். நாய் எடுத்துக் கொடுக்கவில்லை. கோபத்தை எல்லாம் ஷெட்டில் காட்டினார். தப்பு கையில் இல்லை, தொட்டியின் சாய்வில்தான் என்று முடிவுகட்டி, அதைத் தனியாகத் தூக்கி நிமிர்த்தப் பார்த்தபோது தொட்டியோடு சரிந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எப்படி ஆயிற்று என்று மருத்துவர் கேட்டதற்கு, வேலை செய்யும்போது என்றார்.

மாவுக்கட்டு போட்ட கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. வா, பொரித்த மீனாவது சாப்பிட்டு வரலாம் என்று சனிக்கிழமை அழைத்துப் போனார். சாப்பாட்டுக் கூடத்தில் நீண்ட வரிசை. மேசையில் இரண்டு இடம் காலி. காய் சுற்றிவந்தபோது கிளியோபஸ் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ரோசெட்டா காய்களைத் தள்ளிவிட்டாள். எறிய வேண்டுமானால் ஏதாவது வைத்தாக வேண்டும் என்பதற்காக, மேசை அனுமதிக்கும் ஆகக் குறைந்த சில்லைப் பாஸில் வைத்தார். இடது கைக்கு அதுவே அதிகம் என்று நினைத்தார். வெர்லீன் பக்கத்திலேயே நின்று, ஒளிவுமறைவில்லாமல் டோன்ட் பாஸில் வைத்தார்.

முகமும் பார்க்கவில்லை, மூச்சும் அடக்கவில்லை. கோழிக்குச் சோளம் இறைப்பது போல விட்டெறிந்தார். ஆறு. பிறகு நாலு, பத்து, அஞ்சு, மறுபடி ஆறு. புள்ளி வந்துவிட்டது. அடுத்த புள்ளி எட்டு, அதுவும் வந்தது. அடுத்து நாலு, வருவதற்கு அரிய நாலு, அதுவும் வந்தது. காய்கள் உருண்டு போய் ரப்பர் சுவரைச் சோம்பலாகத் தொட்டுவிட்டுப் படுத்தன. பக்கத்து மேசை ஆட்கள் வந்து மூன்று வரிசையாகச் சூழ்ந்தார்கள். அர்க்கன்சாவிலிருந்து வந்த ஒருவர் மாவுக்கட்டுக்கு முத்தம் கொடுத்தார். ஆளாளுக்குச் சில்லு குவிந்தது. கிளியோபஸ் அதே ஒற்றைச் சில்லை வைத்தபடியே எறிந்தார். இது நிலைக்காது, இடது கைக்கு என்ன தெரியும், அடுத்ததில் ஏழு என்று ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள் உறுதியாக இருந்தார்.

வெர்லீனின் சில்லுகள் கரைந்துகொண்டே வந்தன. இந்தப் பட்டையில் வைத்ததை நடுவில் எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்று ரோசெட்டா குனிந்து சொல்லிப் பார்த்தாள்.

"எதுக்கு எடுக்கணும்? இந்த ஆள எனக்குத் தெரியும்," என்றார் வெர்லீன். கடைசிச் சில்லையும் இழந்தார்.

அடுத்த புள்ளி விழுந்த மறு எறியிலேயே ஏழு விழுந்து, காய் கைமாறியது. மொத்தக் கூடமும் கைதட்டியது. முன்பின் தெரியாதவர்கள் பணத்தட்டுகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போனார்கள். கிளியோபஸுக்குக் கிடைத்தது மதியச் சாப்பாட்டுக்கும் வண்டி பெட்ரோலுக்கும் வந்தது.

பொரித்த மீன் ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெர்லீனுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"மேசையில இருந்த அத்தன பேரும் உன்ன நம்பினாங்க, கிளியோபஸ். நம்ம ரெண்டு பேரத் தவிர."

அவர் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார். சோள ரொட்டி புரையேறியது.

மாவுக்கட்டைப் பிரித்ததும் அவர் மனம் மாறியிருப்பார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். இனி இடது கைதானே என்று தேவாலயத்தில் கேட்டவர்களிடம், அது வெறும் அதிர்ஷ்டம், அதை நம்பி ஆட்டத்தில் இறங்குவது முட்டாள்தனம் என்று பொறுமையாக விளக்கினார். தொட்டியின் சாய்வைச் சரிசெய்து, வலது கைப் பயிற்சியை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

இப்போது விடுதியில் இருவரும் ஒட்டி நிற்கிறார்கள். அவர் பாஸில் வைப்பார், வெர்லீன் டோன்ட் பாஸில். ஒருவர் விட்டது அநேகமாக மற்றவருக்கு வந்துவிடும். விடுதி அந்த 'அநேகமாக'வை வைத்துத்தான் வாசலில் புது நீரூற்று கட்டியது. முதல் எறியில் பன்னிரண்டு விழுந்தால் கிளியோபஸுக்குச் சில்லு போய்விடும், வெர்லீனுக்கோ எதுவும் வராது, அது அந்தப் பட்டையின் சட்டம். அந்த ஒரு சமயத்தில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பக்கம் சேர்ந்து ரோசெட்டாவை முறைப்பார்கள்.